கரிபியன் நடனங்களும் பியானோ இசையும்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்குப் பிறருடைய பிழைகளைக் காண்பதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. தன்னுடைய பிழைகள் நாள்தோறும் சிவப்பு மையில் சுட்டப்படுவதே அதற்குக் காரணமாயிருக்கலாம். இன்று நான் கூறவிருக்கும் வரலாறும் அத்தகைய ஒரு பிழையிலேதான் தொடங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்களும் பெண்களும் இரு வரிசையாக நின்று ஆடிய ஓர் ஆட்டத்துக்குக் ‘கண்ட்ரி டான்ஸ்’ என்று பெயர். நாட்டுப்புற நடனம் என்பதே அதன் பொருள். அந்த ஆட்டம் கால்வாயைக் கடந்து பிரான்ஸை அடைந்தபோது, ‘கண்ட்ரி’ என்னும் சொல் பிரெஞ்சுக்காரர் செவியில் ‘கோந்த்ர்’ என்று விழுந்தது. அவர்கள் மொழியில் அதற்கு ‘எதிர்’ என்று பொருள். ஆடுவோர் எதிரெதிரே நிற்பவராதலின் பிழையும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. ‘கோந்த்ரதான்ஸ்’ என்று அவர்கள் வழங்கிய பெயரை ஸ்பானியர் ‘கோந்த்ராதான்ஸா’ ஆக்கினர். கியூபாவில் முன்பாதி உதிர்ந்து, வெறும் ‘தான்ஸா’ மட்டும் எஞ்சியது.

பெயர் தேய்ந்தது, இசையோ வளர்ந்தது. ஐரோப்பிய மாளிகைகளின் நடனம் ஒன்று கரிபியன் தீவுகளில் ஆப்பிரிக்க மக்களின் தாளத்தைத் தன்னுள் ஏற்று, பின்னர் பியானோவின் மீதேறிக் கச்சேரி மண்டபத்துக்குரிய இசையாக உயர்ந்த கதை இது. ‘உயர்ந்த’ என்ற சொல்லைச் சற்றுத் தயக்கத்துடனேயே எழுதுகிறேன். ஆடுவோர் காலடியில் இருந்த காலத்தில் அது தாழ்ந்து கிடந்தது என்று எண்ணுவதற்கு இடமில்லை.

கியூபாத் தீவுக்கு இந்த நடனம் ஒரே வழியில் வந்து சேரவில்லை. தீவை ஆண்ட ஸ்பானியர் தம் நாட்டிலிருந்து கொணர்ந்தது ஒன்று. 1762-ம் ஆண்டு ஆங்கிலேயர் ஹவானா நகரைக் கைப்பற்றிச் சுமார் பதினொரு மாத காலம் ஆண்டனர். அப்போதும் சிறிது வந்திருக்கலாம் என்பர். ஆனால் பெருவாரியாக வந்தது அயல்தீவிலிருந்துதான். இன்று ஹெய்ட்டி என வழங்கும் நாடு அன்று ஸான் தொமிங்க் என்ற பெயருடன் பிரெஞ்சுக்காரரின் கரும்புக் காடாக இருந்தது. 1791-ம் ஆண்டில் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர்; 1804-ல் சுதந்திர நாடு ஒன்றை நிறுவினர். உயிருக்கு அஞ்சிய பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் அருகிலிருந்த கியூபாவின் கீழ்க்கரைக்கு, ஸாந்தியாகோ நகரை நோக்கி, படகேறி ஓடினர். தாங்கள் அடிமையாக வைத்திருந்தவர்களையும் உடன் அழைத்துச் சென்றனர். முதலாளிகள் கோந்த்ரதான்ஸைக் கொண்டு சென்றனர். அடிமைகள் தங்கள் முரசுகளைக் கொண்டு சென்றனர். அந்த முரசு நடனம் ‘தும்பா பிரான்ஸேஸா’, அதாவது ‘பிரெஞ்சு முரசு’, என்ற பெயரில் கிழக்குக் கியூபாவில் இன்றும் வாழ்கிறது. 2003-ம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் அரிய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

இரண்டும் சேர்ந்தபோது இசையில் நிகழ்ந்தது என்ன? தாளத்தில் பழகிய நம்மவருக்கு இதை விளக்குவது எளிது. மேனாட்டுப் புத்தகங்கள் பக்கக்கணக்கில் கூறுவதைச் சொற்கட்டு ஒன்றில் அடக்கிவிடலாம். எட்டு அட்சரம் கொண்ட ஓர் ஆவர்த்தத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய நடனக்காரர் அதை ‘தக திமி தக ஜனு’ என்று நேர்படப் பிரிப்பர். தீவு மக்களோ ‘தகிட த தக திமி’ என்று பிரித்தனர். மூன்று, ஒன்று, இரண்டு, இரண்டு. ஒவ்வொரு பிரிவின் தலையிலும் ஓர் அடி. இதுவே ‘ஹபனேரா’ என்று பின்னர் உலகப் புகழ் பெற்ற தாளம். ஹவானாவைச் சேர்ந்தது என்று பொருள். ‘தகிட தகிட தக’ என்பது மற்றொன்று. ‘தக த தக த தக’ என எட்டு அட்சரத்துக்குள் ஐந்து அடிகளை நெட்டும் குறிலுமாகப் பரப்புவது மூன்றாவது. இதற்குச் ‘சிங்கில்யோ’ என்று பெயர். ஐந்து என்றவுடன் நம் கண்ட நடை நினைவுக்கு வரலாம்; அது அன்று. கண்ட நடையில் ஐந்தும் சமம். இங்கே ஐந்தும் எட்டின் மடியில் ஏற்றத்தாழ்வுடன் அமர்ந்திருக்கின்றன. ஸாந்தியாகோவுக்கு முரசுடன் வந்தவர்களின் கையிலிருந்த தாளம் இதுவே.

பியானோவில் இந்தத் தாளத்தை ஏற்றுக்கொண்டது இடக்கை. வலக்கை மெல்லிய கட்டைகளில் ராகம் பாட, இடக்கை கனத்த கட்டைகளில் மிருதங்கக்காரர் வேலையைச் செய்யும். ஆகவே வலக்கையில் ஐரோப்பாவும் இடக்கையில் ஆப்பிரிக்காவும் அமர்ந்திருந்தன என்று சொல்வதுண்டு. அழகான வாக்கியந்தான், முழு உண்மையன்று. வலக்கையின் ராகமும் விரைவிலேயே தாளத்துக்கு இசைந்து நெளியத் தொடங்கியது.

அக்காலத்து ஹவானாவில் மாளிகை நடனங்களுக்கு வாசித்தவர் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவருமே. வெள்ளையருள் கௌரவமான குடும்பத்துப் பிள்ளை மதகுருவாகலாம், வழக்கறிஞராகலாம், படைவீரராகலாம். வாத்தியம் வாசித்துப் பிழைப்பது இழிவு. கலைகள் யாவும் நிறத்தவர் கையில் சேர்ந்துவிட்டன என்று ஹோஸே அந்தோனியோ ஸாக்கோ என்ற அறிஞர் 1830-களின் தொடக்கத்திலேயே வருந்தி எழுதினார். அவர் வருந்தியதையே நாம் இன்று நல்லூழ் என்று கருதுகிறோம். வெள்ளையர் எழுதித் தந்த நேர்த்தாளத்தை இந்த வாத்தியக்காரர்கள் தம் கைக்கு வந்தபடி வளைத்தனர். பிடில், கிளாரினெட் முதலியவற்றுடன், கீறல்கள் இட்ட உலர்ந்த சுரைக்குடுக்கையைக் குச்சியால் தேய்க்கும் ‘குயிரோ’வும் மாளிகைக்குள் நுழைந்தது. ஏட்டில் இருந்தது ஒன்று, செவியில் விழுந்தது மற்றொன்று.

இதற்கு அவர்கள் பெற்ற பரிசு கொடியது. 1844-ம் ஆண்டில், அடிமைகளும் சுதந்திரக் கறுப்பரும் சேர்ந்து பெரும் சதி செய்கின்றனர் என்று ஸ்பானிய அரசாங்கம் குற்றஞ்சாட்டி, ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தது. ஏணியில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்து விசாரித்தமையால் அந்நிகழ்ச்சி ‘ஏணிச் சதி’ என்றே பெயர் பெற்றது. பிளாஸிதோ என்ற புனைபெயர் கொண்ட கலப்பினக் கவிஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹவானாவின் புகழ்பெற்ற நடன இசைக்குழுத் தலைவரான கிளாவ்தியோ பிரிந்திஸ் தே ஸாலாஸ் சிறைப்பட்டு நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். இரவெல்லாம் பிரபுக்களை ஆடவைத்தவர்கள் பகலில் ஏணியில் கட்டப்பட்டனர். பியானோவின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பல இந்த ஆண்டைத் தொடாமலே தாண்டிச் சென்றுவிடுகின்றன. இதை விடுத்தால் பின்வருவது எதுவும் விளங்காது என்பது என் கருத்து.

இந்தச் சூழ்நிலையிலேதான் மானுவேல் ஸௌமெல் என்ற ஹவானா இளைஞர் நடன இசையைப் பியானோவுக்கு எழுதத் தொடங்கினார். ஏழைக் குடும்பம். பிழைப்புக்காகப் பாடம் சொல்லிக் கொடுத்தார், கோயில்களில் ஆர்கன் வாசித்தார், நடனத்துக்கும் வாசித்தார். 1839-ல் கியூபாவின் பழங்கதை ஒன்றை வைத்து ஓபரா எழுத வேண்டும் என்று பெருந்திட்டம் தீட்டினார், அது நிறைவேறவில்லை. நிறைவேறியவை ஐம்பதுக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு கோந்த்ராதான்ஸாக்கள். ஒவ்வொன்றும் இரண்டே பகுதி. பகுதிக்கு எட்டுத் தாளக் கட்டங்கள். ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசித்தால் முப்பத்திரண்டு. ஒரு தம்ளர் காப்பி ஆறுவதற்குள் இரண்டு உருப்படிகளைக் கேட்டு முடித்துவிடலாம்.

ஆனால் அந்தச் சிறு இடத்துக்குள் அவர் செய்த வேலை வியப்பூட்டுவது. முதற்பகுதி பெரும்பாலும் ஐரோப்பிய மரபில், வியன்னா ஆசிரியர் ஒருவருடைய நல்ல மாணவர் எழுதியது போல் அடக்கமாக இருக்கும். இரண்டாம் பகுதி தொடங்கியவுடன் இடக்கை விழித்துக்கொள்ளும். தெருவின் தாளம் சாளரத்தின் வழியே உள்ளே வந்துவிடும். பெயர்களும் அப்படியே: ‘பெப்பாவின் கண்கள்’, ‘பெப்பாவின் கைக்குட்டை’, ‘காதலின் புலம்பல்கள்’, ‘துயர நினைவுகள்’. பெரிய இடத்துப் பாடகி ஒருத்தியின்மீது அவர் கொண்ட காதல் கைகூடவில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். ஆயினும் இசையில் அழுகை குறைவு, புன்னகையே மிகுதி. 1870-ம் ஆண்டு அவர் காலமானார். அவரை ஏறக்குறைய மறந்துவிட்ட உலகுக்கு, கியூபாவின் தேசிய இசைக்கு வித்திட்டவர் இவரே என்று எடுத்துக்காட்டியவர் நாவலாசிரியர் அலெஹோ கார்ப்பெந்தியெர். அவர் எழுதிய கியூப இசை வரலாறு 1946-ல் வெளியாயிற்று. எழுபத்தாறு ஆண்டுக் காத்திருப்பு!

ஸௌமெல் எழுதியது உள்ளூர்க் கூடங்களுக்கு. அந்த இசையை ஐரோப்பிய, அமெரிக்க மேடைகளுக்கு எடுத்துச் சென்றவர் லூயி மோரோ கோட்ஷாக். 1829-ம் ஆண்டு அமெரிக்காவின் தென்கோடித் துறைமுகமான நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். தந்தை லண்டனில் பிறந்த யூத வணிகர். தாய்வழிக் குடும்பமோ ஸான் தொமிங்கிலிருந்து தப்பி வந்தது. முன்னே சொன்ன அகதிகளில் பலர் கியூபாவிலும் நிலைக்கவில்லை; நெப்போலியன் ஸ்பெயின்மீது படையெடுத்தபின், 1809-ல், கியூபாவை ஆண்ட ஸ்பானியர் பிரெஞ்சுக்காரரை வெளியேற்றினர். சுமார் 9,000 பேர் ஓராண்டுக்குள் நியூ ஆர்லியன்ஸில் வந்து இறங்கினர். ஆகவே அந்நகரத்துக் காற்றிலேயே தீவுகளின் பாட்டு கலந்திருந்தது. குழந்தை கோட்ஷாக்குக்கு அப்பாட்டுகளைப் பாடியவர்கள் அவருடைய பாட்டியும், ஸாலி என்ற கறுப்பினச் செவிலித்தாயுமே. இருவருக்கும் ஸான் தொமிங்கே பூர்விகம்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பையனைப் பாரிஸுக்கு அனுப்பினர். அங்கே அரசாங்க இசைக்கல்லூரியின் பியானோத் துறைத் தலைவர் ஸிம்மர்மான், அவனுடைய வாசிப்பைக் கேட்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். அமெரிக்கா நீராவி இயந்திரங்களின் நாடு, அங்கிருந்து இசைக்கலைஞன் எங்கே வரப்போகிறான் என்பது அவர் கருத்து. பையன் தனி ஆசிரியர்களிடம் பயின்றான். 1845-ல் ப்ளெயெல் மண்டபத்தில் அவன் வாசித்தபோது கேட்டவர்களுள் ஷோப்பென் ஒருவர். அவர் மனமுவந்து பாராட்டினார்.

1840-களின் இறுதியில் கோட்ஷாக் எழுதிய ‘பம்பூலா’ பாரிஸை மயக்கிற்று. பம்பூலா என்பது ஆப்பிரிக்க மக்களின் முரசுக்கும் அதற்கேற்ப ஆடும் ஆட்டத்துக்கும் பெயர். உருளைக்கிழங்கு வெந்ததைப் பற்றிய ஒரு கிரியோல் பிள்ளைப்பாட்டே அதன் மூல ராகம். நியூ ஆர்லியன்ஸில் அடிமைகள் ஞாயிறுதோறும் கூடி ஆடிய காங்கோ சதுக்கத்தில் நின்று அவர் இதைக் கேட்டார் என்று நெடுங்காலமாகக் கதை உலவியது. பிற்கால ஆராய்ச்சியாளர் அதை ஐயுறுகின்றனர். சதுக்கம் வேண்டியதில்லை, வீட்டு அடுக்களையே போதும் என்கின்றனர். எனக்கும் அதுவே சரியாகத் தோன்றுகிறது. மனிதனுடைய செவியில் ஆழ இறங்குவது மேடையில் கேட்டதன்று, தூங்கவைக்கும்போது கேட்டது.

1857-ல் அவர் தீவுகளை நோக்கிப் புறப்பட்டார். உடன் சென்றவள் பதினான்கு வயதும் நிரம்பாத பாடகி அதெலினா பாத்தி; பின்னாளில் உலகமே கொண்டாடிய குரல். சில மாதப் பயணம் என்று தொடங்கியது ஐந்தாண்டு நீடித்தது. கியூபா, போர்ட்டோ ரீக்கோ, மார்த்தினீக், குவாதலூப் என்று தீவு தீவாக அலைந்தார். போர்ட்டோ ரீக்கோவில் எழுதிய ‘போர்ட்டோ ரீக்கோ நினைவு’ என்ற உருப்படியை இந்த வகை முழுவதற்கும் திலகம் என்பேன். அத்தீவின் குடியானவர்கள் கிறிஸ்துமஸ் நாட்களில் வீடுவீடாகச் சென்று பலகாரம் கேட்டுப் பாடும் பாட்டு ஒன்று அதற்கு அடிப்படை. நம் ஊரில் மார்கழி பஜனை தெருக்கோடியிலிருந்து வருவது போல, இசை முதலில் கேட்டும் கேளாமலும் தொடங்குகிறது. நெருங்குகிறது. நெருங்க நெருங்க ‘தகிட தகிட தக’ என்ற அடி ஓங்கி, வீட்டு வாயிலை அடைந்தபோது இரு கைகளும் முரசாகிவிடுகின்றன. பிறகு கூட்டம் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட, ஒலி தேய்ந்து மறைகிறது.

1860-ம் ஆண்டு பிப்ரவரியில் ஹவானாவின் தக்கோன் நாடக அரங்கில் அவர் நடத்திய இசைவிழா வேறு வகை. வாத்தியக்காரர் 650 பேர், கூட்டுப்பாடகர் 87 பேர், முரசுகள் ஐம்பது, எக்காளங்கள் எண்பது என்று அவரே கணக்குத் தந்திருக்கிறார். தம் கணக்கைத் தாமே எழுதும் கலைஞரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது. எனினும் ஒரு செய்தி கருதத்தக்கது. ‘வெப்பநாட்டு இரவு’ என்ற தம் ஸிம்பனியின் இறுதிப் பகுதிக்காக, ஆப்பிரிக்க மரபு முரசுக்காரர்களை அவர் ஸாந்தியாகோவிலிருந்து தருவித்தார். ஐரோப்பிய ஸிம்பனியும் அந்த முரசும் ஒரே மேடையில் ஒலித்தன. பதினாறு ஆண்டுகளுக்கு முன் அந்த முரசுக்காரரின் இனத்தவரை ஏணியில் கட்டிய அதே அரசாங்கத்தின் பிரபுக்கள் கீழே அமர்ந்து கைதட்டினர். மேடையில் வாசித்த அம்முரசுக்காரர்களின் பெயர்களை நான் எங்கும் காணவில்லை.

இடையே, நமக்குச் சொந்தமான ஒரு செய்தி. குவாதலூப்பில் கோட்ஷாக் சில காலம் மாத்துபா என்ற மலைப்பகுதியில் தனித்து வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் அத்தீவின் கரும்பு வயல்களில் தமிழ் பேசியவர்களும் இருந்தனர். புதுச்சேரியிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற்கப்பல் மார்த்தினீக்கை 1853-லும், குவாதலூப்பை 1854-லும் அடைந்துவிட்டது. அவர்கள் கொண்டு சென்ற மத்தளமும் நாடகப் பாட்டும் அத்தீவுகளில் பல தலைமுறை நீடித்தன. பியானோ ஏட்டில் அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை. அது வேறு வரலாறு.

கோட்ஷாக் 1862-ல் அமெரிக்கா திரும்பினார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தெற்கே பிறந்தவராயினும் வடக்கு அரசாங்கத்துக்கே விசுவாசப் பிரமாணம் செய்தார். ஏழாண்டுகளுக்குப் பின், 1869 டிசம்பரில், பிரேஸில் நாட்டு ரியோ நகரத்துக்கருகே நாற்பதாம் வயதில் இறந்தார்.

போர்ட்டோ ரீக்கோவில் நடனத்தின் மீது அரசாங்கத்துக்கு ஒரு தனிப் பகை இருந்தது. கியூபாவிலிருந்து வந்த புதிய நடனத்துக்கு அங்கே ‘மெரெங்கே’ என்று பெயர். பழைய ஆட்டத்தில் எதிரெதிரே நின்றவர்கள் இதில் தழுவி ஆடினர். 1849-ம் ஆண்டு கவர்னர் பெஸுவேலா இது ஒழுக்கக்கேடு என்று கூறித் தடை விதித்தார். இடங்கொடுப்பவருக்கு அபராதம், ஆடுபவருக்குச் சிறை. நிலமற்ற கூலிகள் யாவரும் வேலைக் குறிப்பேடு ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டவரும் இவரே, அதே ஆண்டில். கூலியின் கையையும் காலையும் ஒருங்கே கட்ட முயன்றார் போலும். தடை நிலைக்கவில்லை. கவர்னர்கள் மாறினர், மெரெங்கே ‘தான்ஸா’ என்ற கண்ணியமான பெயரைச் சூடிக்கொண்டு மீண்டும் வந்தது.

அதைப் பியானோ இலக்கியமாக்கியவர் மானுவேல் கிரெகோரியோ தவாரெஸ். பாரிஸில் பயில உதவித்தொகை பெற்றுச் சென்றவர். அங்கே நோயுற்று, இடக்கையின் வலிமை குன்றியவராய்த் திரும்பினார். இடக்கையே உயிராகிய இசைக்கு இப்படி ஒரு தலைவர்! அவருடைய மாணவர் போன்ஸே நகரத்து ஹுவான் மோரெல் காம்போஸ் முந்நூறு அளவில் தான்ஸாக்களை எழுதினார். முதலில் எட்டுக் கட்டங்கள் ‘பஸேயோ’, அதாவது உலா. ஆண்கள் பெண்களைக் கைப்பிடித்துக் கூடத்தைச் சுற்றி வருவதற்கு. பிறகே ஆட்டம். அதில் இடக்கைக்கு மூன்று ஸ்வரங்கள் சமமாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் சமமாக வாசித்தால் அது தான்ஸா ஆகாது. முதலாவதை இழுத்து, அடுத்தவற்றை நெருக்கி, ரப்பர் போல் வளைக்க வேண்டும். ‘நெகிழும் மூன்று’ என்றே அதற்குப் பெயர். குருமுகமாகக் கற்பது என்பது நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் இதைக் கருதுக. மோரெல் காம்போஸ் 1896 ஏப்ரலில் போன்ஸேயின் நாடக அரங்கில் இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தார். அடுத்த மாதம் மறைந்தார். வயது முப்பத்தெட்டு. போர்ட்டோ ரீக்கோ 1952-ல் தன் கீதமாக ஏற்றுக்கொண்ட ‘லா போரிங்கேன்யா’ முதலில் ஒரு தான்ஸாவாக இருந்ததேயாகும். ஒரு கவர்னர் தடுத்த நடனம், ஒரு நூற்றாண்டு கழித்து எழுந்து நின்று கேட்க வேண்டிய இசையாயிற்று.

மீண்டும் ஹவானா. இக்னாஸியோ ஸெர்வாந்தெஸ் 1847-ல் பிறந்தவர். சிறுவனாயிருந்தபோது அவருடைய வாசிப்பைக் கேட்ட கோட்ஷாக், பாரிஸுக்கு அனுப்பும்படி பெற்றோரைத் தூண்டினார். தமக்குக் கதவடைத்த அதே இசைக்கல்லூரியில் அச்சிறுவன் 1866-ல் பியானோவுக்கான முதற்பரிசைப் பெற்றான். ரொஸ்ஸீனியும் லிஸ்ட்டும் பாராட்டினர். பாரிஸிலேயே தங்கிப் புகழுடன் வாழ்ந்திருக்கலாம்; 1870-ல் ஊர் திரும்பினார். திரும்பிய ஊரோ போரில் எரிந்துகொண்டிருந்தது. 1868-ல் தொடங்கிய கியூப விடுதலைப் போர் பத்தாண்டு நீடித்தது. ஸெர்வாந்தெஸும், மாத்தான்ஸாஸ் நகரத்துக் கலப்பின வயலின் மேதை ஹோஸே வைட்டும் ஊர் ஊராகச் சென்று கச்சேரி செய்தனர். சேர்ந்த பணம் புரட்சிப்படைக்குப் போயிற்று. 1875-ல் ஸ்பானிய கவர்னர் அதை அறிந்து இருவரையும் தீவை விட்டு வெளியேற்றினார். ஸெர்வாந்தெஸ் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்றார். சமாதானம் ஏற்பட்டபின் 1879-ல்தான் திரும்ப முடிந்தது.

அந்த வெளியேற்றத்தின் நினைவாக அமைந்தது ‘கியூபாவே, விடைபெறுகிறேன்’ என்னும் தான்ஸா. சொந்த ஊரைவிட்டு வேறு மாநிலங்களில் வாழும் நம் போன்றோர் அதை ஒருமுறை கேட்க வேண்டும். ஒலிப்பதிவுகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. இரண்டு நிமிடத்துக்கு மேல் இராது. ஓலமில்லை, கண்ணீரை விளம்பரப்படுத்தும் ஆடம்பரமில்லை. வலக்கை ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் நிறுத்துகிறது, மீண்டும் தொடங்குகிறது. இடக்கையில் பழைய நடனத்தாளம் மட்டும் தளர்ந்த நடையில் தொடர்கிறது. ஆடுவதற்கென்று பிறந்த தாளத்தில் ஆட முடியாத ஓர் இசையை அவர் எழுதிவிட்டார். சுமார் நாற்பது தான்ஸாக்களுள் இதைத் தவிரவும் ‘இழந்த கனவுகள்’, விளையாட்டான ‘மூன்று தட்டுகள்’ முதலியவை சிறந்தவை. 1895-ல் போர் மீண்டும் மூண்டபோது இரண்டாம் முறை நாடு நீங்கி மெக்ஸிகோ சென்றார். விடுதலை பெற்ற கியூபாவுக்குத் திரும்பி, 1905-ல் ஹவானாவிலேயே இறந்தார்.

அதே 1875-ம் ஆண்டில் பாரிஸில் நிகழ்ந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். மார்ச் மாதம் பிஸே என்பவரின் ‘கார்மென்’ ஓபரா அரங்கேறியது. அதில் கதாநாயகி பாடும் ஹபனேரா உலகில் அறியாதவர் இலர். அதை நாட்டுப்பாடல் என்று எண்ணி பிஸே எடுத்தாண்டார். செபாஸ்தியான் இராதியெர் என்ற ஸ்பானியர் எழுதியது என்று பின்னரே தெரிந்தது. இராதியெர் கியூபாவுக்குச் சென்று வந்தவர். அன்று முதல் ஐரோப்பியருக்கு ஹபனேரா என்றால் ஸ்பெயின். ராவெல் 1895-ல் இரு பியானோக்களுக்கு ஒரு ஹபனேரா எழுதினார். டெபுஸ்ஸி 1903-ல் ‘கிரனாதாவில் மாலைப்பொழுது’ எழுதினார். இரண்டும் மிக உயர்ந்த இசை. ஆனால் ஸ்பெயினை எதிர்த்த குற்றத்துக்காக ஹவானாவின் இசைவாணர் ஒருவர் கப்பலேற்றப்பட்ட அதே ஆண்டில், ஹவானாவின் தாளம் ஸ்பெயினின் முத்திரையுடன் பாரிஸ் மேடையேறியது. சரக்குக்கு உரியவன் பெயர் சீட்டில் மாறிப்போவது துறைமுகங்களில் மட்டும் நிகழ்வதன்று.

மற்றத் தீவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டச்சுக்காரரின் குராஸாவில் யான் கெரார்ட் பால்ம் என்பவர் தான்ஸாக்களும் வால்ட்ஸ்களும் ஏராளமாக எழுதினார். ஹெய்ட்டியில் லுதோவிக் லமோத், பாரிஸில் பயின்று திரும்பி, ‘மெரேங்’ நடனத்தைப் பியானோவில் எழுதினார். ‘கறுப்பு ஷோப்பென்’ என்று அவரை அழைத்தனர். அங்கே சிங்கில்யோவை எட்டில் எழுதுவதா, ஐந்துக்கெட்டு என்று தனித் தாளமாகவே எழுதுவதா என்று விவாதம் நடந்தது. முரசிலிருந்து வந்ததை மேனாட்டுக் கோடுகளுக்குள் அடைப்பது அவ்வளவு கடினம். அமெரிக்கப் படை 1915 முதல் ஹெய்ட்டியை ஆக்கிரமித்திருந்தது. அது விலகிய 1934-ம் ஆண்டின் கார்னிவலுக்கு லமோத் எழுதிய ‘நிபோ’ தெருவெங்கும் பாடப்பட்டது.

கடைசியாக எர்னெஸ்தோ லெக்வோனா. ஹவானாத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், ஆப்பிரிக்க வழிபாட்டு மரபுகளுக்குப் பெயர்போன குவானபக்கோவாவில், 1895-ல் பிறந்தார். ‘மலகேன்யா’ என்ற அவருடைய ஸ்பானியப் பாணி உருப்படியே பெரும்புகழ் பெற்றது. ஆனால் ‘ஆப்பிரிக்க-கியூப நடனங்கள்’ என்ற ஆறு உருப்படிகளே இவ்வரலாற்றுக்கு உரியவை. லுகுமி, ஞானிகோ என்று ஆப்பிரிக்க மரபினரின் பெயர்களையே அவை தாங்கியிருக்கின்றன. ஸௌமெல் காலத்தில் பின்வாயில் வழியே வந்தவர்கள் இங்கே தலைப்பிலேயே நிற்கின்றனர். லெக்வோனா 1960-ல் கியூபாவை விட்டு வெளியேறினார். 1963-ல் கனேரித் தீவுகளில் இறந்தார். உடல் நியூயார்க் மாநிலத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அந்த ஆறில் ஒன்றான ‘லா கொம்பார்ஸா’வை அவர் எழுதியது 1912-ம் ஆண்டு வாக்கில், ஏறக்குறையப் பதினேழு வயதில். கொம்பார்ஸா என்பது கார்னிவல் ஊர்வலம். அடிமைத்தனம் இருந்த காலத்தில், ஆண்டுக்கு ஒருநாள், ஜனவரி 6-ம் தேதி, ஹவானாவின் ஆப்பிரிக்க மக்கள் தங்கள் முரசுகளுடன் தெருவில் ஆடிச் செல்ல அனுமதி இருந்தது. 1884-ல் அதுவும் தடுக்கப்பட்டது. அடிமைமுறை ஒழிந்தது 1886-ல். லெக்வோனா அந்த ஊர்வலங்களைக் கண்டவரல்லர். அவர் பிறக்குமுன்பே முடிந்துவிட்டவை. கார்னிவலில் எஞ்சியிருந்ததைக் கேட்டே எழுதினார். உருப்படி தொடங்கும்போது இடக்கை மட்டும் ஒலிக்கிறது, தொலைவில் முரசு. சில கட்டங்கள் கழித்தே வலக்கை ராகத்தைத் தொடங்குகிறது. ஊர்வலம் நம் வாயிலைக் கடக்கும்போது இரண்டும் சேர்ந்து ஓங்குகின்றன. பின்பு ராகம் முதலில் அடங்குகிறது. இடக்கையின் முரசு மட்டும் இன்னும் சில கட்டங்கள் தொடர்ந்து, தெருவின் மறுகோடியில் நின்றுபோகிறது.